கண்ணும் கலைச்சொல்லும்

ஒரு மொழியின் வலிமையை அதன் காவியங்களைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். அம்மொழி பேசும் ஏழையொருவர் தம் நோயை வைத்தியரிடம் எடுத்துரைக்கவும், வைத்தியர் அதே மொழியில் விளக்கிக் கூறவும் இயலுமா என்று நாம் கேட்பதில்லை. கண்ணைப் பற்றிய சொற்களின் வரலாறு இக்கேள்வியை நம்முன் நிறுத்துகின்றது.

கண்ணோய்களுக்குப் பெயரிடுவதில் நம் மக்கள் வறியவரல்லர். கண்ணின் வில்லை மங்குவதைப் ‘புரை’ என்றனர். கருவிழிமேல் வெண்தழும்பு படிவதைப் ‘பூ விழுதல்’ என்றனர். முதுமையில் அண்மையிலுள்ள எழுத்துத் தெளிவின்றித் தோன்றுவது ‘வெள்ளெழுத்து’. அந்தி சாய்ந்ததும் பார்வை குன்றுவது ‘மாலைக்கண்’. விற்றமின் ஏ குறைவினால் வரும் இந்நோய் பெரும்பாலும் வறியவர் வீட்டுக் குழந்தைகளையே பற்றுவது. நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயனவிதியோ 96 கண்ணோய்களை வகுத்துரைக்கின்றது.

ஆயினும், உடலை அறுத்து ஆராய்ந்த மேலைநாட்டு விஞ்ஞானம் கண்டறிந்த உட்பகுதிகளுக்குப் புதுச்சொற்கள் வேண்டியிருந்தன. அத்தேவையை உணர்ந்து உழைத்தவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். கட்டர் என்பாரின் உடலியல் நூல் 1857இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ எனத் தமிழாயிற்று. 1864 முதல் மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே அவர் கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ வெளிவந்தது. 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. சமயம் பரப்புதலும் அவர் நோக்கமே. அதனை மறைக்க வேண்டியதில்லை. அவர் கையாண்ட வடசொற்கள் பல பொதுமக்கள் நாவிற்கு எட்டாதவை என்பதும் மெய்யே. ஆயினும் தமிழில் வைத்தியம் கற்பிக்க இயலும் என்பதை வாதத்தினாலன்றிச் செயலினால் அவர் மெய்ப்பித்தார்.

அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பாடசாலை தோன்றியது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். 1873இல் கிறீன் நாடு திரும்பினார். பதவியும் ஊதியமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தன. தமிழ்வழி வைத்தியக் கல்வி தளர்ந்தமைக்குச் சொற்பஞ்சத்தைக் காரணங்காட்டுவது வரலாற்றுக்கு முரண். சொற்கள் இருந்தன, அவற்றைக் கற்றவருக்கு ஆட்சியில் இடமிருக்கவில்லை.

சுதந்திரத்தின் பின் பாடசாலை விஞ்ஞானம் தாய்மொழிக்கு வந்தது. விழித்திரை, கதிராளி, வன்கோது, குருட்டிடம் முதலிய சொற்களை நம் மாணவர் இன்று இயல்பாக எழுதுகின்றனர். ஆனால் அவை விடைத்தாளைத் தாண்டி வைத்தியசாலை வாயிலை அடைவதில்லை. அங்கே நோயாளியின் சொல் ஒன்று, வைத்தியரின் சீட்டிலுள்ள சொல் மற்றொன்று.

இதனால் விளையும் கேட்டிற்குக் குளோக்கோமா ஒன்றே போதிய சான்று. பெரும்பாலும் கண்ணினுள் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிதைந்து, வலியின்றியே பார்வையைப் பறிப்பது அந்நோய். புரையால் மங்கிய பார்வையைச் சத்திரசிகிச்சையால் மீட்கலாம். குளோக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. மக்கள் வழக்கில் அதற்குத் தனிப்பெயர் வேரூன்றவில்லை. ஆகவே பார்வை குன்றும் முதியவர் அதனையும் புரையென்றே எண்ணி, ‘முற்றட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று காத்திருக்க நேர்கின்றது. காத்திருக்கும் நாளெல்லாம் நரம்பு அழிகின்றது.

கலைச்சொல்லாக்கம் புலவர் பொழுதுபோக்கன்று. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் சொல், மாணவன் வழியாக அவன் வீட்டுத் திண்ணையிலிருக்கும் பாட்டியைச் சென்றடைய வேண்டும். கிறீன் தொடங்கிய பணியில் எஞ்சியிருப்பது அதுவே. அதனைச் செய்ய வேண்டியவர் ஆசிரியராகிய நாமே.