வலையின் தையலும் உயிரின் தையலும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள சல்லிக் கடற்கரையில் முதிய மீனவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். இவ்வலை எத்தனை தடவை கிழிந்திருக்கும் என்று வினவினேன்.

"தையலை எண்ணினா குறைஞ்சது எத்தனை எண்டு சொல்லலாம் தம்பி. ஒரே இடத்தில ரெண்டு தரம் கிழிஞ்சிருந்தா அதை ஆர் அறிவார்?" என்றார்.

கூர்ப்பின் வரலாற்றை ஆராய்வோரின் தலையாய சிக்கலும் இதுவேயென்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

திருகோணமலை வீதிகளில் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்களை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அவற்றின் உடற்கலங்களில் 66 நிறமூர்த்தங்கள் உள்ளன. நாய் குரைப்பது போல ஓசையெழுப்பும் கேளையாடும் மான் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 நிறமூர்த்தங்களே உள்ளன என்பதை டோரிஸ் வூர்ஸ்ரரும் குர்ட் பெனிர்ஷ்கேயும் 1970இல் அறிவித்தனர். அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கோ 46. இந்தியக் கேளையாட்டின் முன்னோரில் பல நிறமூர்த்தங்கள் நுனியோடு நுனி ஒட்டியதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

இத்தகைய மாற்றங்களை வரலாற்றுச் சான்றாக வாசிக்கலாம் என 1936இல் காட்டியவர்கள் அல்பிரட் ஸ்ரேர்டெவன்றும் தியோடோசியஸ் டொப்சான்ஸ்கியும் ஆவர். காட்டுப் பழ ஈக்களின் மூன்றாம் நிறமூர்த்தத்தில் சில துண்டங்கள் தலைகீழாகத் திரும்பியிருந்தன. அவற்றை ஒப்பிட்டு, எவ்வொழுங்கு எதனோடு உறவுடையது என்று அவர்கள் வம்சாவளி வகுத்தனர்.

1984இல் ஜோசப் நாடோ, பெஞ்சமின் ரெய்லர் ஆகியோர், முறிவுகள் எவ்விடத்திலும் சமவாய்ப்பில் நிகழும் எனக் கொண்டு, மனிதனையும் சுண்டெலியையும் பிரிக்கும் மீளொழுங்குகள் ஏறத்தாழ 178 என மதிப்பிட்டனர். 1988இல் வெளியான ஓர் ஆய்வு, கோவாவினதும் ரேணிப் கிழங்கினதும் இழைமணிப் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டது. அலகுகள் ஏறக்குறைய ஒன்றே, வரிசைதான் வேறு. மூன்று துண்டங்களைத் தலைகீழாக்கினால் ஒன்றின் வரிசை மற்றதன் வரிசையாகிவிடும்.

வரிசை நீளும்போது இக்கணக்கு மலைபோல் வளரும். ஒரு வரிசையை மற்றொன்றாக்கத் தேவையான மிகக் குறைந்த திருப்பங்களை விரைவாகக் கணிக்கும் வழியை 1995இல் சிறீதர் ஹன்னேன்ஹள்ளியும் பாவெல் பெவ்ஸ்னரும் கண்டனர். 2003இல் பெவ்ஸ்னரும் கிளென் ரெஸ்லரும் மனிதனையும் சுண்டெலியையும் 281 துண்டங்களாக ஒப்பிட்டு, குறைந்தது 245 மீளொழுங்குகள் நிகழ்ந்திருக்க வேண்டுமென்றனர். அத்துடன், முறிந்த இடமே மீண்டும் முறிந்திருக்கிறது; முறிவு சமவாய்ப்பானதன்று என்றும் வாதிட்டனர். டேவிட் சங்கொவ் முதலானோர் இதனை மறுத்தனர். ஆயினும் 'குறைந்தது' என்ற சொல்லை எவரும் கைவிடவில்லை.

அச்சொல்லை ஒருகாலத்தில் கைவிட்டவன் நான். போர்க்காலத்தில், பதிவேடொன்றில் கண்டபடி, ஒரு கிராமத்தவர் 'ஒரு தடவை இடம்பெயர்ந்தோர்' என்று செய்தி எழுதினேன். போய்த் திரும்பி, அதே வீட்டிலிருந்து மறுபடியும் ஓடியவர்கள் அவர்களுள் இருந்தனர். பதிவேட்டில் ஒரு தையலே தெரிந்தது. நானும் அதையே எண்ணினேன்.

சல்லிப் பெரியவரின் மறுமொழிக்குப் பின்னர், அத்தகைய எண்களின் முன் 'குறைந்தது' என்று சேர்க்காமல் நான் எழுதியதில்லை.