இழுத்துப் பார்க்கும் கை

வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்த பிறகு, பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர்கள் படியிறங்குவார்கள். சாவி திரும்பியது, உள்ளே ‘க்ளிக்’ என்ற ஒலியும் கேட்டது. ஆனாலும் கை இழுத்துப் பார்க்கிறது. இதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. பூட்டுக்கு எப்போதுமே இரண்டு வேலைகள் இருந்திருக்கின்றன. திருடனைத் தடுப்பது ஒன்று. தடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று உடையவருக்குச் சொல்வது இன்னொன்று. முதலாவது காவல், இரண்டாவது சாட்சி. கார் நிறுத்திய இடத்திலிருந்து நூறடி நடந்த பிறகு, ‘பூட்டினோமா?’ என்று திரும்பி வந்து பார்ப்பவர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மறதியைக் குறை சொல்லுமுன், ரிமோட் சாவி அந்த இரண்டு வேலைகளில் எதை வளர்த்தது, எதைக் கைவிட்டது என்று பார்ப்பது நல்லது.

சாட்சி சொல்வதைப் பூட்டின் முக்கிய வேலையாகவே கருதிய தொழிலாளிகள் முன்பு இருந்தார்கள். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜான் வில்க்ஸ் 1680ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த பித்தளைப் பூட்டு ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முகப்பில் தொப்பி அணிந்த ஒரு மனித உருவம். அதன் காலை விலக்கினால்தான் சாவித்துவாரம் தெரியும். அந்த உருவம் சுட்டிக்காட்டும் வட்டத் தகட்டில் எண்கள். கதவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடும். உடையவர் ஊரில் இல்லாதபோது எத்தனை முறை கதவு திறந்தது என்பதைப் பூட்டே சொல்லிவிடும். 1817இல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் கள்ளச்சாவியால் நடந்த திருட்டுக்குப் பிறகு, அரசு அறிவித்த பரிசை வென்றது ஜெரமையா சப் உருவாக்கிய பூட்டு. உள்ளிருக்கும் லீவர்களில் ஒன்றை யாராவது தவறான சாவியால் அளவுக்கு மீறித் தூக்கினால், ஒரு வில் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அடுத்து வரும் உடையவரின் சாவியும் திரும்பாது. ‘யாரோ கை வைத்திருக்கிறார்கள்’ என்று அதற்குப் பொருள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளிலும், சாவியைத் திருப்பும்போது மணி ஒலிக்கும் வகை உண்டு. பூட்டுக்காரருக்குப் பூட்டின் பேச்சும் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

காரின் கதவுப் பூட்டு தொடக்கத்தில் இந்த மரபுக்கு வெளியே போகவில்லை. சாவியைக் கதவில் நுழைத்துத் திருப்பியவரின் விரல்களுக்கு அந்த எதிர்ப்பும் தளர்வும் தெரிந்தன. கண்ணாடி ஓரத்தில் இருந்த பொத்தான் கீழே இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். 1956 பேக்கார்டு கார்களில் மின்சாரக் கதவுப் பூட்டு வந்தபோது நான்கு கதவுகளும் ஒரு விசையில் அடங்கின. ஆனாலும் பூட்டுபவர் காரை ஒட்டித்தான் நின்றார். பெரிய மாற்றம் 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸில் நிகழ்ந்தது. பால் லிப்ஷுட்ஸ் உருவாக்கிய ரிமோட் பூட்டை ரெனோ நிறுவனம் தன் ஃபுவேகோ காரில் கொடுத்தது. அவர் பெயரின் எழுத்துகளிலிருந்து பிறந்த ‘ப்ளிப்’ என்ற சொல்லாலேயே பிரெஞ்சுக்காரர்கள் ரிமோட் சாவியை இன்றும் குறிக்கிறார்கள். அது அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்தது. தொலைக்காட்சி ரிமோட்டைப் போலக் காரை நோக்கி நீட்டித்தான் அழுத்த வேண்டும். நீட்டினால் பார்த்தே ஆக வேண்டும். பிறகு ரேடியோ அலைகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315. ரேடியோ அலைக்கு நேர்ப்பார்வை தேவையில்லை. காருக்கு முதுகைக் காட்டியபடி, சட்டைப்பைக்குள்ளேயே விரலால் அழுத்திவிட்டு நடக்கலாம். பூட்டும் செயலிலிருந்து கண்ணும் கையும் ஒருசேர விலகியது அப்போதுதான்.

அந்த ரேடியோச் சாவியின் உள்ளமைப்பை அருகில் போய்ப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பெரும்பாலான ரிமோட் சாவிகள் பேசும், கேட்காது. தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனம் 1980களில் உருவாக்கி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் வாங்கிய ‘கீலாக்’ முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாவிக்குள் இருக்கும் எண்ணியின் (கவுண்ட்டரின்) எண் ஒன்று கூடுகிறது. அந்த எண்ணை மறையாக்கம் செய்து சாவி அனுப்புகிறது. காருக்குள்ளும் ஓர் எண்ணி இருக்கிறது. வந்த எண், கடைசியாகக் கேட்ட எண்ணிலிருந்து 16க்குள் முன்னால் இருந்தால் கார் உடனே ஏற்கும். சாவி ஏதோ பையில் அழுந்தி அதைத் தாண்டி ஓடிவிட்டால், அடுத்தடுத்த இரண்டு அழுத்தல்களைக் கேட்ட பிறகே நம்பும். ஒட்டுக்கேட்ட பழைய குறியைத் திருப்பி ஒலிபரப்புபவனை வெல்ல இது அருமையான வழி. ஆனால் கார் கேட்டதா, ஏற்றதா, கதவு பூட்டியதா என்பது எதுவும் சாவிக்குத் தெரியாது. காவல் வேலைக்கு இவ்வளவு மூளையைச் செலவிட்ட பொறியியல், சாட்சி வேலையை ஓர் இண்டிகேட்டர் விளக்கின் சிமிட்டலிடமும் சின்னஞ்சிறு ‘பீப்’ ஒலியிடமும் ஒப்படைத்துவிட்டது.

சிமிட்டல் போதாதா என்று கேட்கலாம். அது பொய் சொல்வது அரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல கார்களில் ஒரு கதவு சரியாக மூடாவிட்டால் விளக்கு வழக்கம்போல் சிமிட்டாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பூட்டை இழுத்துப் பார்த்த கைக்கு, பூட்டாத பூட்டு கழன்று வந்து உண்மையைச் சொன்னது. தோல்வி கையில் விழுந்தது. ரிமோட் சாவியிலோ வெற்றிக்குத்தான் ஒளி, தோல்விக்கு மௌனம். நடந்துபோகிறவர் ஒரு மௌனத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வணிக வளாக வாகன நிறுத்தத்தில், பத்துக் கார்கள் சிமிட்டிக் கூவும் இரைச்சலில், தன் கார் பேசாமல் இருந்ததை யார் கவனிப்பது? இந்த மௌனத்தைத்தான் திருடர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அதே அலைவரிசையில் இரைச்சலை ஒலிபரப்பினால் சாவியின் குரல் காருக்கு எட்டாது. உடையவர் போனதும் கதவைத் திறந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். கீலாக் பிறந்த தென்னாப்பிரிக்காவிலேயே இது பரவலான திருட்டு முறை ஆனதும், அங்கே வாகன ஓட்டிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை என்ன தெரியுமா? கைப்பிடியை இழுத்துப் பாருங்கள் என்பதுதான்.

அந்தப் பழைய வழியும் இப்போது அடைபடுகிறது. சாவி சட்டைப்பையில் இருந்தாலே கதவு திறக்கும் வசதி 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ் வகுப்பில் வந்து, பின்னர் சாதாரணக் கார்களுக்கும் இறங்கியது. பூட்டியதா என்று சோதிக்கக் கைப்பிடியை இழுத்தால், உடையவர் வந்துவிட்டார் என்று கார் கதவைத் திறந்துவிடுகிறது. சோதனையே சோதிக்கப்படும் பொருளைக் கலைத்துவிடுகிறது. பூட்டிய பின் சில நொடிகள் வரை கைப்பிடியை இழுத்தாலும் திறக்காதபடி சில ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் அமைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஒரு கைக்கு அவர்கள் விட்டுக்கொடுத்த சின்ன இடம் அது.

பூட்டு சாட்சியும் சொல்ல வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. பூட்டு பேசினால் திருடனும் கேட்பான் என்பது முதலாவது. வரலாறு இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. 1851 லண்டன் பெருங்கண்காட்சிக் காலத்தில் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரெட் ஹாப்ஸ், சப் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். தவறிய இடத்தைக் காட்டிக்கொடுத்த கவ்வும் பகுதியே அவருக்குத் துப்பானது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, பூட்டு வாய்மூட வேண்டும் என்பதாக இருக்க முடியாது. உடையவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும் என்பதே. தெருவுக்கே தெரியும்படி சிமிட்டும் விளக்கு தவறான காதில் சொல்கிறது. இரண்டாவது மறுப்பு, இது மனக்கலக்கம், பொறியியலுக்கு இதில் வேலையில்லை என்பது. சிலருக்கு அப்படியும் இருக்கலாம். ஆனால் விரல் தன்னையறியாமல் செய்யும் செயல் நினைவில் தங்குவதில்லை. நேற்று அழுத்தியதும் இன்று அழுத்தியதும் ஒன்றுபோலவே தோன்றும். பூட்டியதற்கான தடயத்தைக் கருவி தராதபோது, அதை நினைவில் தேடித் திணறுபவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

தடயம் தரும் சாவியைச் செய்யவே முடியாது என்பதும் இல்லை. 2006இல் வோல்வோ தன் எஸ்80 காருக்குக் கேட்கவும் தெரிந்த சாவி ஒன்றைக் கொடுத்தது. பொத்தானை அழுத்தினால் பூட்டியிருந்தால் பச்சை, பூட்டாவிட்டால் மஞ்சள், அலாரம் அடித்திருந்தால் சிவப்பு. காருக்கு எட்டாத தூரம் போய்விட்டாலும் கடைசியாக விட்டுவந்த நிலையை அது நினைவில் வைத்திருந்து சொன்னது. இன்று அந்த வேலையைக் கைபேசிச் செயலிகள் செய்கின்றன. ஆனால் அதற்கு வலையிணைப்பும் பல இடங்களில் சந்தாவும் வேண்டியிருக்கிறது. வில்க்ஸின் பித்தளை உருவம் ஒரு விலையுயர்ந்த கதவுக்கு மட்டும் சாட்சி சொன்னது. திண்டுக்கல் பூட்டோ யார் இழுத்தாலும் காசில்லாமல் சொன்னது. காருக்கான சாட்சி இன்னும் வில்க்ஸ் காலத்திலேயே நிற்கிறது. அது திண்டுக்கல்லுக்கு வந்து சேரும்வரை, நூறடி நடந்தவர்கள் திரும்பி வந்துகொண்டுதான் இருப்பார்கள்.