வரியும் தடியும் பிரிந்த கதை

வரி பாக்கி வைத்த விவசாயியின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். அதற்குப் பெயர் கிட்டி. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்தபடியே வெயிலில் நிற்க வைப்பார்கள். அது அண்ணாந்தாள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் இதைச் செய்தவர்கள் தாசில்தாரின் சேவகர்கள். ஆட்சியருக்கும் காவல் துறைக்கும் நடுவே இன்று ஒரு கோடு இருக்கிறதென்றால், அது இந்த வலியிலிருந்து பிறந்தது.

1816இல் பிரிட்டிஷ் அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி, ஜில்லா நீதிபதியிடம் இருந்த மாஜிஸ்திரேட் அதிகாரமும் காவல் பொறுப்பும் கலெக்டருக்கு மாற்றப்பட்டன. அவருக்குக் கீழே தாசில்தார், ஊர் மணியக்காரர், தலையாரி. ஊரை அறிந்தவர்களே ஊரைக் காக்கட்டும் என்று மன்றோ நினைத்தார். நடந்ததோ வேறு. வரி வசூலிப்பவரே காவலரானார். அவர் அடித்தால் அவருடைய மேலதிகாரியிடமே முறையிட வேண்டியிருந்தது.

இந்தக் கொடுமை 1854இல் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைந்தது. நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் குவிந்தன. சித்திரவதை உண்மை என்று 1855இல் குழு அறிக்கை தந்தது. வருவாய் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதே அதற்கு இடம் கொடுக்கிறது என்றும் சொன்னது.

அதன் பிறகுதான் தனிக் காவல் துறை வந்தது. வில்லியம் ராபின்சன் சென்னை மாகாணத்தின் முதல் ஐ.ஜி. ஆனார். 1859இல் மாவட்டக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்து வந்த 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டம் ஒரு நடுவழியைப் பிடித்தது: படையை நடத்துவது காவல் கண்காணிப்பாளர், ஆனால் அவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின், பொதுக் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு மட்டும் 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே போலீஸ் கமிஷனர் என்ற தனிப் பாதை கிடைத்தது.

அப்போதும் கலெக்டராலும் அவருக்குக் கீழ் இருந்தவர்களாலும் குற்ற வழக்குகளை விசாரித்துத் தண்டிக்க முடிந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் நீதித்துறை நடுவர், நிர்வாகத்துறை நடுவர் என்று நாடு முழுவதும் இரண்டாகப் பிரித்தது. வழக்கு விசாரணை நீதிமன்றத்துக்குப் போனது. தடையுத்தரவும், ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணையும் ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தாரிடம் தங்கின. மாநகரங்களில் அந்த அதிகாரத்தையும் கமிஷனருக்குத் தரலாம் என்று அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது.

தமிழ்நாட்டில் 1990இல் மதுரையும் கோவையும், 2022இல் ஆவடியும் தாம்பரமும் காவல் ஆணையரகங்களாயின. காவல் துணை ஆணையர்களே நிர்வாகத்துறை நடுவர்களாகவும் அமர்ந்தார்கள். பிடித்து வருவது போலீஸ்; பிணை எழுதி வாங்குவது போலீஸ்; பிணையை மீறினாய் என்று சிறைக்கு அனுப்புவதும் போலீஸ். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கைது செய்பவரே நடுவராக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

கலவரம் வெடித்தால் உடனே முடிவெடுக்க ஒரே தலைமை வேண்டும் என்று காவல் தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. அது களத்துக்குப் பொருந்தும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முடிவுக்குப் பொருந்தாது. கிட்டியை ஒழித்தது நல்ல அதிகாரிகளின் மனம் மட்டுமல்ல, அதிகாரத்தைப் பிரித்து வைத்த சட்டமும்தான். ஆகவே, நன்னடத்தைப் பிணை கேட்டு உங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தால், முதலில் கீழே கையெழுத்திட்டிருப்பவர் யார் என்று பாருங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.