திருவொற்றியூர்க் கோயில்: ஊரின் கணக்குப் புத்தகம்

பழைய ரோம் நகரில் அரசாங்கக் கஜானா எங்கே இருந்தது தெரியுமா? சாட்டர்ன் என்ற தெய்வத்தின் கோயிலில்! தெய்வத்தின் காவலில் இருக்கும் பணத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் கி.மு. 49-ல் ஜூலியஸ் சீசர், தடுக்க வந்த மெடெல்லஸ் என்பவரை மிரட்டிவிட்டு அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார்.

இங்கே வடசென்னையிலும் ஊர்ப் பணத்தைக் கையாண்ட பழைய கோயில் ஒன்று உண்டு. எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில். ஆனால் இதன் முறையே வேறு.

கி.பி. 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டான். அவனுடைய கேரள நண்பர் ஒருவர், அவனோடு சேர்ந்து உயிர்விட முடியவில்லையே என்று வருந்தி, துறவு பூண்டு இந்த ஊருக்கு வந்தார். அவர்தான் சதுரானன பண்டிதர். அவர் கோயிலுக்காக 100 நிஷ்கம் பொன் கொடுத்ததை இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பொன் பெட்டிக்குள் போகவில்லை. நரசிங்கமங்கலம் சபையிடம் கொடுக்கப்பட்டது. அதன் வட்டியில் அவருடைய அவிட்ட நட்சத்திரத்தன்று வழிபாடு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

விளக்கு எரிக்க ஆடுகள் கொடுப்பதும் இதே கணக்குதான். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். குட்டிகள் பெருகப் பெருக மந்தை குறையாது, நெய் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அவற்றுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். முதல் அழியக்கூடாது, பலன் மட்டும் வர வேண்டும்!

இன்னொரு சுவாரசியம். ஒற்றி என்றால் அடமானம் என்றும் ஒரு பொருள் உண்டு. தலபுராணம் ஊர்ப்பெயருக்கு வேறு காரணம் சொன்னாலும், இந்தப் பொருளும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

பணம் மட்டுமல்ல, இங்கே படிப்பும் நடந்தது. இலக்கணம் கற்பிப்பதற்கென்றே வியாகரண தான மண்டபம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் இரண்டாம் இராஜாதிராஜன் பங்குனி உத்திரத் திருவிழாவில் இங்கே அமர்ந்து சுந்தரரின் கதையைக் கேட்டதையும் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது.

இதெல்லாம் எல்லோருக்குமானதாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. சென்னை மாகாணத்தில் சாதி பார்க்காமல் எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் நுழையும் உரிமையைச் சட்டம் தந்தது 1947-ல்தான்.

சீசரை ரோமின் தெய்வத்தால் தடுக்க முடியவில்லை. ஒற்றியூரில் பணம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. ஊர்ச்சபையிடமும் ஆடு வளர்ப்போரிடமும் பரவிக் கிடந்தது. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எதற்காக என்பதெல்லாம் கல்லில் இருந்தது. ஏமாற்றினால் ஊருக்கே தெரியும். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தால் அழிவது வெறும் எழுத்தல்ல, ஓர் ஊர் எழுதி வைத்த கணக்கு.

அடுத்த முறை அந்தக் கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்த்த கையோடு சுவரையும் ஒரு நிமிடம் பாருங்கள்.