இனுயிட் துருவவட்டப் பேரவை

அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, ரஷ்யாவின் சுகோட்கா ஆகிய நிலப்பகுதிகளில் வாழும் சுமார் 1,80,000 இனுயிட் பழங்குடி மக்களின் பன்னாட்டு அமைப்பு. வடக்கு அலாஸ்காவின் நார்த் ஸ்லோப் வட்டார மேயராக இருந்த ஈபன் ஹாப்சனின் முயற்சியால் 1977 ஜூனில் பாரோ நகரில் (இன்றைய உட்கியாக்விக்) உருவானது. ஆர்க்டிக் எண்ணெய்த் தேடலில் தம் மக்களின் சொல்லுக்கு இடமில்லாமல் போகுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. பனிப்போர் காரணமாகச் சுகோட்கா மக்கள் 1990களில்தான் முழு உறுப்பினராயினர்.

இனுயிட் மக்கள் வாழும் இந்நிலப்பகுதிகளில் தன்னாட்சி எல்லா இடத்திலும் ஒரே வடிவில் வரவில்லை. கிரீன்லாந்து 1979இல் உள்நாட்டாட்சியும் 2009இல் விரிந்த தன்னாட்சியும் பெற்றது; நில உரிமைக் கோரிக்கை ஒப்பந்தத்தின் வழியே 1999இல் கனடாவில் நுனாவுட் பிரதேசம் பிறந்தது. அங்கு ஆட்சி இனுயிட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அவர்களே பெரும்பான்மை. சுகோட்காவில் இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

பேரவைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் 1996இல் ஆர்க்டிக் நாடுகள் அமைத்த ஆர்க்டிக் மன்றத்தில் அந்நாட்டு அரசுகளோடு ஒரே மேசையில் அமரும் நிரந்தரப் பங்கேற்பாளர் இடம் அதற்கு உண்டு. பழங்குடி அமைப்புகளுக்கு அரிதாகவே கிட்டும் நிலை இது. பொதுப்பேரவை நான்காண்டுக்கு ஒருமுறை கூடுகிறது.