லுபானும் சாம்பிராணியும்

துபாய் தேரா மசாலாச் சந்தையில் ‘லுபான்’ என்று விற்கும் பிசினை நம்மவர்கள் ‘சாம்பிராணி’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். மரமே வேறு. லுபான் ஓமானின் தோஃபாரிலும் சோமாலியாவிலும் விளைவது. சாம்பிராணி சுமத்திரா, ஜாவாப் பக்கத்துச் சரக்கு. அரபு வணிகர்கள் அதை ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவா லுபான் என்றார்கள். அதுவே ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. லுபானின் வேர்ச்சொல்லுக்கு வெண்மை, பால் என்று பொருள். வளைகுடாவில் நாம் குடிக்கும் மோரான ‘லபன்’ அதன் உடன்பிறப்பு. பனிமலை லெபனானும் அந்த வம்சம்தான். லுபான் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் பாலாகத்தான் வடியும். ஓமானியர் இதை இரவில் நீரில் ஊறவைத்துக் காலையில் குடிப்பார்கள். மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் இதே இனத்து இந்திய மரத்தின் பிசினை நம் நாட்டு வைத்தியர்களும் கொடுத்து வந்திருக்கிறார்கள். தமிழில் இவ்வகைப் பிசினுக்குப் ‘பறங்கிச் சாம்பிராணி’ என்றொரு பெயர் உண்டு, எனக்கு ஒட்டவில்லை. (வெறும் ‘சாம்பிராணி’யோ மந்தனைத் திட்டும் சொல்லாகிவிட்டது!) என் ஓட்டு ‘குந்துருக்க’த்துக்கு. வடமொழிக் ‘குந்துரு’வின் உறவுதான், ஆனாலும் மலையாளிகள் ‘குந்திரிக்கம்’ என்று இன்றும் புழங்குகிறார்கள், பழைய அரபு மருத்துவ நூல்களிலும் அது ‘குந்துர்’தான்.