சானடோரியம்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் தொழில் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். "சானடோரியத்துல இருக்கோம்" என்று வீட்டு விலாசமே சொல்கிறார்கள்.

லத்தீனில் 'சனாரே' என்றால் குணமாக்குதல். அதிலிருந்து வந்த சொல்லை 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா காசநோயாளிகளின் இல்லத்துக்கு வைத்தது. மருந்தில்லாத காலம், சுத்தமான காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் வைத்தியம். 1882-இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த பிறகு, தொற்றாமல் ஒதுக்கி வைக்கும் இடம் என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது.

தமிழில் இந்நோய்க்குப் பல பெயர்கள். எலும்புருக்கி, சயம் இரண்டும் உடம்பு கரைவதைச் சொல்கின்றன. காசம் என்றால் இருமல். நோய் பரவும் வழியையே காட்டும் அந்தப் பெயர் இன்று நிலைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சொல்லைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். 1928-இல் முத்து தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆஸ்பத்திரியின் பெயர் ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து ஊருக்கும் போயிற்று.

மருந்து வந்த பிறகும் ஒதுக்கி வைத்தால்தான் நோய் அடங்குமா? விடை சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கியவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் ஒப்பிட்டது. 1959-இல் வெளிவந்த முடிவின்படி இரு சாராரும் ஏறக்குறைய ஒரேமாதிரி குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் தெரிந்தது. உலக நாடுகளின் காசநோய்க் கொள்கையை மாற்றிய ஆய்வு இது. ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் தாம்பரம் ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. நெஞ்சக நோய் மருத்துவமனை என்பது அதன் அரசுப் பெயர். மற்ற இடங்களில் தொடத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளை 1993 முதல் இங்கே படுக்கை கொடுத்துச் சேர்த்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். 2004-இல் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. படுத்த படுக்கையாய் வந்தவர்கள் மாதாமாதம் மாத்திரை வாங்க அதே ரயில் நிலையத்தில் தாமே இறங்கி நடந்துவந்தார்கள்.